கானகமும் உடன் அழுதது

மரணம் ஒருவரை அழைத்துச் செல்கிறது. துயரமோ அவரை இழந்தோரின் இல்லத்திலேயே தங்கிவிடுகிறது. ஆதலால் சாவைப் பாடிய நல்ல கவிஞர்கள், மாண்டவரோடு நில்லாமல், எஞ்சி நிற்பவரையும் உற்று நோக்கினர். இத்தகைய பாடல்களுக்கு நம் முன்னோர் ‘கையறுநிலை’ என்று பெயரிட்டனர். செய்வதறியாது செயலற்று நிற்கும் நிலை என்பது அதன் பொருள். அப்பெயர் குறிப்பது இறந்தவரின் நிலையை அன்று; இருப்பவரின் நிலையையே.

புறநானூற்றில், அதியமான் நெடுமான் அஞ்சியை இழந்த ஔவையார் அவனுடைய வெற்றிகளை அடுக்கிச் சொல்லவில்லை. கிடைத்ததை அவன் பகிர்ந்தளித்ததையும், நறுமணம் கமழும் கையால் தம் தலையைத் தடவியதையும் நினைந்து உருகுகிறார். பேரிழப்பு சிறு நினைவுகளாகவே நெஞ்சில் மீள்கிறது என்பதைத் துயருற்ற இல்லங்கள் யாவும் அறியும்.

அந்நூலிலேயே மற்றோர் உண்மையையும் காண்கிறோம். தந்தையோடு கண்ட முழுநிலவு, தந்தையும் மலையும் இல்லாத நாளிலும் மாறாது ஒளிர்வதைக் கண்டு பாரி மகளிர் கலங்குகின்றனர். ஒல்லையூரில் சாத்தன் மறைந்தபின் முல்லை மலர்ந்ததையே குறையாகக் கூறி வருந்துகிறார் குடவாயிற் கீரத்தனார். தம் உலகம் இடிந்திருக்க, வெளியுலகம் வழக்கம்போல் இயங்குவது துயருற்றோரைச் சுடுகிறது.

இதற்கு மாறான காட்சியொன்றைத் தேம்பாவணி தீட்டுகிறது. 1680-இல் இத்தாலியில் பிறந்து, தமிழகம் வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர், புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 3,615 பாடல்களில் இயற்றிய காப்பியம் அது. அதில் திருமுழுக்கு அருளப்பர் ‘கருணையன்’ என்னும் பெயருடன் தோன்றுகிறார். நற்செய்தி ஏடுகள் கூறாத எலிசபெத்தம்மாளின் மரணத்தை முனிவர் கானகத்தில் நிகழக் காட்டுகிறார். மகன் மலர்களைப் பரப்பித் தாயின் உடலை நல்லடக்கம் செய்கிறார். பின்னர், உணவு தேடும் முறையும் காட்டில் செல்லும் வழியும் தமக்குத் தெரியாவே என்று புலம்புகிறார். அதுவரை அனைத்தும் தாயின் கைவழியே நடந்தன. அவ்வேளையில் மலர்களும் பறவைகளும் வண்டுகளும் அவரோடு சேர்ந்து அழுவனபோல் ஒலித்தன என்கிறார் கவிஞர்.

இக்காட்சி நம் இல்லங்களுக்கும் உரியது. வங்கிக் கணக்கு முதல் வீட்டு வரி வரை கணவரே கவனித்து வந்த மனைவி, அவர் மறைந்தபின் கானகத்தில் வழியறியாது நிற்பவரே. தாய் பரிமாறியதை மட்டுமே உண்டு பழகிய பிள்ளைகளும் அவ்வாறே. நாமோ, “அழாதீர்கள், இறைவன் சித்தம்” என்று விரைந்து சொல்லிவிடுகிறோம். முப்பதாம் நாள் பூசை முடிந்தபின் அவ்வீட்டுப் பக்கம் செல்வதையும் குறைத்துக்கொள்கிறோம். உண்மையில் தனிமை வாட்டத் தொடங்குவது அதன் பின்னரே. இலாசரை எழுப்பச் சென்ற ஆண்டவரும் முதலில் கண்ணீர் சிந்தினார் அன்றோ?

அக்கானகத்துப் பறவைகள் கருணையனுக்கு அறிவுரை கூறவில்லை, உடன் அழுதன. நாமும் துயருற்றோரின் அருகில் அமர்வோம்; அவர்கள் சொல்லும் சிறு நினைவுகளைப் பொறுமையுடன் கேட்போம்; அவர்கள் அறியாத வழியில் சிறிது தூரமேனும் உடன் நடப்போம்.