நச்சுக் காற்றை நுகரும் நுண்குழல்

1984 டிசம்பரில் போபால் மக்களை உறக்கத்திலேயே நச்சுவாயு சூழ்ந்தது. இத்தகைய வாயுக்களை அறிவிக்கும் கருவிகள் பல உண்டு. ஆயின், உலோக ஆக்ஸைடினால் ஆனவை பெரும்பாலும் 200 டிகிரி செல்ஷியஸுக்கு மேல் சூடேறினாலன்றி இயங்கா.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழக ஆய்வாளர்கள், தலைமயிரினும் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கார்பன் நானோ குழலைச் சாதாரண வெப்பநிலையிலேயே இப்பணிக்குப் பயன்படுத்திக் காட்டினர். நைட்ரஜன் டை ஆக்ஸைடு தீண்டினால் குழலில் மின்னோட்டம் பெருகும். அம்மோனியா தீண்டினால் குறையும்.

ஆயினும், பல வாயுக்கள் கலந்து வரின் குழல் தானாகப் பிரித்தறியாது. ஆகவே அதன்மேல் தக்க பூச்சு வேண்டும். நாஃபியான் என்னும் பூச்சு நைட்ரஜன் டை ஆக்ஸைடைத் தடுத்து, அம்மோனியாவுக்கு வழிவிடும். இப்பூச்சின் தேர்வே கருவி அமைப்போரின் தலையாய கவலை. ஏன்? பொய்யாக இருமுறை ஒலித்த மணியை மூன்றாம் முறை எவரும் நம்பார். அம்முறை மெய்யாயின், இழப்பது உயிரன்றோ!