உளியின் வாயில் ஒரு பிசிறு

கூர்மை என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. உளிக்கு ஒருபுறம் தட்டையான முதுகு, மறுபுறம் சாய்வு. வாய் மழுங்கும்போது இவை சந்திக்கும் கோடு உருண்டுவிடுகிறது. மழுங்கிய உளியை வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கீற்று மின்னும். நன்றாகத் தீட்டிய வாயில் ஒளி பட்டுத் திரும்ப இடமே இருக்காது.

எஃகைவிட மிக மென்மையான மரம் எஃகை எப்படி மழுக்குகிறது? 2020-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கிக்குள் வைத்தே சவர பிளேடால் முடியை அறுத்துப் பார்த்தார்கள். பிளேடைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான முடி, வளைந்து சாய்வாக உரசியபோது, எஃகின் உட்கட்டமைப்பு சீராக இல்லாத இடங்களில் விளிம்பைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்தது. மரத்திலோ இன்னொரு எதிரியும் உண்டு. தேக்கில் சிலிக்கா இருக்கிறது. தேக்கு இழைக்கும் இழைப்புளி சீக்கிரம் மழுங்குவதற்கு அதுவே முக்கியக் காரணம். தீட்டவே தேவையில்லாத கருவி என்ற விளம்பரத்தை நம்ப எந்த முகாந்திரமும் இல்லை.

தீட்டுதல் என்பது எஃகைவிடக் கடினமான துகள்களால் எஃகைச் சுரண்டுவதுதான். 1000 எண் கல்லில் துகள் சுமார் 15 மைக்ரான். 8000 எண் கல்லில் 2 மைக்ரான் அளவு. ஒவ்வொரு துகளும் ஒரு கீறலை விட்டுச் செல்கிறது. உளியின் வாயை ஓட்டு வீட்டின் முகடாக நினைத்துக்கொள்ளலாம். இரு சரிவுகளும் நேராக இருந்தால்தான் முகடு நேராக அமையும். ஓடுகளின் மேடுபள்ளம் முகடுவரை ஏறினால் முகடும் பல்பல்லாகத் தெரியும். ஒரு சரிவை மட்டும் மெருகேற்றிவிட்டு மறுசரிவை, அதாவது உளியின் முதுகை, அப்படியே விட்டால் முகடு சரியாகாது. புது உளி வாங்கியவுடன் முதுகை வாயோரத்தில் தட்டையாக்குவது இதற்காகத்தான்.

இனி, தீட்டுதலின் உயிர்நாடியான பிசிறு. சாய்வைத் தேய்க்கத் தேய்க்க வாயோரத்து எஃகு மெலிகிறது. ஒரு கட்டத்தில் துகளின் அழுத்தத்தைத் தாங்க அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. அறுபடுவதற்குப் பதில் அது நெளிந்து மறுபுறம் வழிகிறது. ஒரு சரிவின் ஓடு முகட்டைத் தாண்டி அப்பால் நீட்டிக்கொண்டிருப்பதைப் போல. முதுகுப்பக்கத்தில் கட்டைவிரலை வாய்க்கு வெளியே நோக்கி மெல்லத் தடவினால் இந்தப் பிசிறு தட்டுப்படும். கண்ணுக்கே தெரியாத இந்த நெளிவு, சாய்வு முதுகைத் தொட்டுவிட்டது என்பதற்கான நேரடிச் சான்று. அகலம் முழுவதும் பிசிறு தட்டினால் அந்தக் கல்லில் வேலை முடிந்தது. அதற்குமேல் தேய்ப்பது எஃகை வீணாக்குவது. பாதி அகலத்தில் மட்டும் தட்டினால் மீதிப் பாதி இன்னும் மொக்கை.

பிசிறை உண்டாக்குவதைவிட அகற்றுவது நுட்பமானது. வெடுக்கென்று பிய்த்தால் அது வேரோடு கிழிந்து வாயைப் பொத்தலாக்கும். அடுத்த நுண்கல்லில் முதுகைப் படிய வைத்துத் தேய்த்தால் பிசிறு சாய்வுப்பக்கம் புரளும். சாய்வைத் தேய்த்தால் திரும்பும். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே மாறி மாறித் தேய்க்க, அது மெலிந்து உதிர்கிறது. மிச்சத்தைத் தோல்பட்டை எடுத்துவிடும். பிசிறோடு வேலைக்குப் போன உளி முதல் சில சீவல்களை அருமையாக எடுக்கும். பிறகு பிசிறு மடிந்து ஒடியும். பழி எஃகின்மேல் விழும்.

செயற்கைத் தீட்டுக்கல்லின் வரலாறு சிறியது. செயற்கை வைரம் செய்ய முயன்ற அமெரிக்கர் எட்வர்ட் அச்சிசன் 1891-இல் சிலிக்கன் கார்பைடைக் கண்டடைந்தார். கார்பரண்டம் கல் அப்படி வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் இயற்கைக் கற்களே கதி.

சாய்வுக் கோணம் வேலையைப் பொறுத்தது. பொதுவான உளிக்கு 25 டிகிரி. கொட்டாப்புளியால் பலத்த அடி வாங்கும் துளை உளிக்கு 30 டிகிரிக்கு மேல். சுழலும் உலர் சாணையில் பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும். சாதாரணக் கார்பன் எஃகு 300 டிகிரி செல்சியஸை நெருங்கி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் பதம் போய்விடும்; நீலம் பாய்ந்த பகுதியைத் தேய்த்து நீக்கும்வரை கூர் நிற்காது. வியர்வையின் உப்பு துருவை அழைக்கும் என்பதால், வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவுவது அவசியம்.

கல்லும் தேயும். நடுவில் குழிந்த கல்லில் தீட்டிய உளிக்கு வாய் வளைந்துவிடும். கண்ணாடிப் பலகைமேல் நீர் உப்புத்தாளை விரித்து, கல்லின்மேல் பென்சில் கோடுகள் கிழித்து, அவை எல்லாம் மறையும்வரை தேய்த்தால் கல் மறுபடி சமமாகும்.