நீரே வீடு, தோலே மூச்சு!

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியில், வவுனியா நகரைத் தாண்டி வடக்கு நோக்கிச் செல்வோர் சிறிது நேரத்தில் ஓமந்தையை அடைவர். 2002ஆம் ஆண்டு போர்நிறுத்தத்தின்பின் அவ்வீதி திறக்கப்பட்டதிலிருந்து, 2006ஆம் ஆண்டில் அது மீண்டும் மூடப்படும்வரை, வடக்கே செல்வோரும் தெற்கே வருவோரும் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி வரிசையில் நின்ற சோதனைச் சாவடி இவ்வூரிலேதான் இருந்தது. ஆகவே, ஓமந்தை என்றதும் அந்த நீண்ட வரிசையையே பலரும் நினைப்பர். ஆனால், மாரிகாலத்து இரவொன்றை இவ்வூரிலே கழித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடியுமட்டும் ஓயாது ஒலித்த தவளைகளின் கச்சேரியைப் பற்றியே அவர்கள் சொல்வார்கள்.

"தவளைக்கும் ஒரு கட்டுரையா?" என்று முகஞ் சுளிக்க வேண்டாம். நாம் அற்பமென்று எண்ணும் இச்சிறு பிராணி, நீரில் வாழ்வதற்கென்று பெற்றுள்ள வசதிகளை அறிந்தால் வியப்படையாதவர் இரார். அது மட்டுமன்று, நம் குளங்களும் வயல்களும் நலமாக இருக்கின்றனவா என்பதை நமக்கு முன்னரே அறிந்து சொல்வதும் அதுவே.

குளங்களின் நாடு

வன்னி, குளங்களின் நாடு. ஓமந்தையைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே இது விளங்கும். பன்றிக்கெய்தகுளம், விளக்குவைத்தகுளம், புளியங்குளம், நொச்சிமோட்டை, சேமமடு என்று குளமும் மோட்டையும் மடுவுமாகவே ஊர்கள் பெயர் பெற்றிருக்கின்றன. ஐப்பசியில் வாடைக் காற்றோடு வரும் மழை இக்குளங்களை நிரப்புகிறது. நல்ல மாரியில் குளம் நிரம்பி வான் பாயும். ஆடி, ஆவணியில் அதே குளம் வற்றி, நடுவிலே ஒரு சேற்றுக்குட்டையாகக் குறுகிவிடுதலும் உண்டு. எனவே, இங்கு வாழும் தவளை இரண்டு வித்தைகளைக் கற்றிருக்க வேண்டும். நீர் நிறைந்திருக்கும்போது அதிலே வாழத் தெரிய வேண்டும். நீர் வற்றும்போது உயிரைக் காத்துக்கொள்ளவும் தெரிய வேண்டும்.

நீர்மேல் தத்தும் தவளை

குளக்கரையில் நாம் கால் வைத்தவுடன், நீரின்மேல் தட்டையான கல்லை வீசி எறிந்தாற்போலத் தத்தித் தத்திச் செல்லும் சிறு தவளைகளைப் பார்த்திருப்பீர்கள். ஏனைய தவளைகள் கரையிலிருந்து குதித்து நீருள் மூழ்கும். இதுவோ, நீரில் மிதந்துகொண்டிருக்கும் நிலையிலேயே எழும்பிப் பாயவல்லது. விஞ்ஞானிகள் இதனை யூப்பிளிக்ரிஸ் சயனோபிளிக்ரிஸ் என்பர். 1799ஆம் ஆண்டில் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய அறிஞர் இதற்குப் பெயர் சூட்டினார். அவர் கண்ட மாதிரி நம் அயலிலுள்ள தமிழ்நாட்டுத் தரங்கம்பாடியிலிருந்து சென்றதென்று கருதப்படுகிறது.

இதன் உடலமைப்பை உற்று நோக்குவோம். கண்களும் நாசித்துவாரங்களும் தலையின் மேற்புறத்தில் அமைந்துள்ளன. உடல் முழுவதும் நீருள் மறைந்திருக்க, இவை மாத்திரம் வெளியே தெரியும். மேலே பறக்கும் கொக்கையும் கரையில் வரும் மனிதனையும் காணவும், அசையாதிருந்தே சுவாசிக்கவும் இவ்வமைப்பு உதவுகிறது. பின்கால் விரல்கள் நுனிவரை சவ்வினால் இணைக்கப்பட்டுள்ளன. கால்களை உதைக்கும்போது அச்சவ்வு விரிந்து துடுப்பாகிறது. கால்களை மடக்கும்போது அது சுருங்கி நீரின் எதிர்ப்பைக் குறைக்கிறது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. மீன்களின் உடலின் இருபக்கங்களிலும், நீரின் சிறு அசைவையும் உணரும் புலனுறுப்புகள் வரிசையாக உள்ளன. வாற்பேத்தைகளுக்கும் இவை உண்டு. வாலை இழந்து தவளையாகும்போது பெரும்பாலான இனங்கள் இவற்றையும் இழந்துவிடுகின்றன. ஆனால், வாழ்நாளெல்லாம் நீரிலேயே கழிக்கும் இத்தவளையோ வளர்ந்த பின்னரும் அவற்றை வைத்துக்கொண்டிருக்கிறது. கலங்கிய நீரிலும் காரிருளிலும் அருகே அசைவது எதுவென்று தோலாலேயே அறிவதற்கு அவை பயன்படுகின்றன.

இலை தின்னும் பச்சைத் தவளை

தாமரை இலைகளுக்கும் அல்லிக் கொடிகளுக்கும் இடையே, இலையின் நிறத்திலேயே பருத்த தவளையொன்று அமர்ந்திருக்கும். நிறத்தாலேயே தன்னை மறைத்துக்கொள்ளும் இது, முற்கூறிய தவளையின் நெருங்கிய உறவு. 1834ஆம் ஆண்டில் லெசன் என்ற பிரெஞ்சு அறிஞர் புதுச்சேரியிலிருந்து இதனை விவரித்து, 'ஆறு விரல்' எனப் பொருள்படும் பெயரொன்றை இட்டார். தவளையின் பின்காலில் ஐந்து விரல்களே உண்டு. பாதத்தின் உட்புறத்தில் துருத்தி நிற்கும் சிறு முண்டு ஆறாவது விரல்போலத் தோன்றுவதாலேயே அப்பெயர்.

தவளைகள் பூச்சி தின்பவை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இப்பச்சைத் தவளையோ அவ்விதிக்கு விலக்கு. இந்திரனீல் தாஸ் என்ற ஆய்வாளர் தமிழ்நாட்டில் இத்தவளைகளின் உணவை ஆராய்ந்து 1996ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். இளந்தவளைகள் பூச்சிகளையே தேடுகின்றன. முதிர்ந்தவற்றின் உணவிலோ பெரும்பகுதி இலைகளும் நீர்ப்பூண்டுகளுமாம்! வளர்ந்த தவளை தாவரம் தின்று வாழ்வது உலகிலேயே அரிது. அப்படிப்பட்ட ஒன்று நம் குளத்து அல்லிக்கொடியில் அமர்ந்திருப்பதை நாம் அறியாதிருக்கிறோம்.

வெந்நீரும் மூச்சும்

தவளைக்கு நுரையீரல் உண்டு. எனினும், தோலாலும் அது சுவாசிக்கிறது. நீரில் கரைந்துள்ள பிராணவாயு ஈரத்தோலின் வழியே இரத்தத்திற் கலக்கிறது. தவளை வாயால் நீர் அருந்துவதுமில்லை. வயிற்றின் அடிப்புறத் தோலே நீரை உறிஞ்சிக்கொள்கிறது.

அப்படியானால் நுரையீரல் எதற்கு? இங்கேதான் வெப்பநாட்டுக் குளத்தின் சிக்கல் தெரிகிறது. பூச்சியப் பாகைக் குளிர்நீரில் இலீற்றருக்கு ஏறத்தாழ 14.6 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். 30 பாகை வெப்பமுள்ள நீரிலோ அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். நீர் வெப்பமடைய அடையத் தவளையின் தேவை கூடுகிறது. கிடைக்கும் வாயுவோ குறைகிறது. எனவே, வன்னிக் குளத்துத் தவளை நாசியை நீருக்கு மேலே நீட்டி வைத்துக்கொண்டு நுரையீரலையும் நம்பி வாழ்கிறது.

குளிர்நீரில் வாழும் தவளைகளைப் பாருங்கள். தென்னமெரிக்காவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,800 மீற்றர் உயரத்திலுள்ள டிட்டிக்காக்கா ஏரியில் ஒரு பெருந்தவளை வாழ்கிறது. அதன் தோல் அளவுமீறித் தைத்த சட்டைபோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். மடிப்புகள் கூடக்கூடப் பிராணவாயுவைப் பெறும் பரப்பும் கூடுகிறது. 

நுணலும் தன் வாயால் கெடும்

ஆண் தவளைகளே பெருங்குரல் எழுப்புவன. நம் குளத்துத் தவளைக்கு வாயின் இருபுறமும் குரற்பைகள் உண்டு. அவற்றை ஊதிப் பெருக்கிப் பெண் தவளைகளை அழைக்கிறது. 'நுணலும் தன் வாயால் கெடும்' என்று நம் முன்னோர் சொன்னது வெறும் உவமையன்று. பனாமா நாட்டு வௌவாலொன்று, தவளைகளின் குரலைக் கேட்டே அவற்றைத் தேடிப் பிடிப்பதை டட்டில், ரையன் என்ற இரு விஞ்ஞானிகள் 1981ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். கத்தினால் பகைவன் வருவான். கத்தாவிட்டால் சந்ததி இல்லை. இந்த இக்கட்டிலும் தவளை கத்தத்தான் செய்கிறது.

கோடை வந்தால்?

குளம் வற்றும்போது இத்தவளைகள் எஞ்சிய மடுக்களையும் ஈரச் சேற்றையும் நாடுகின்றன. வேறு சில இனங்கள் நிலத்தையே நம்புகின்றன. ஊதிய பந்து போன்ற உடலையுடைய மண்தவளைக்குப் பின்பாதத்தில் மண்வெட்டி போன்ற தடித்த முண்டுகள் உண்டு. அவற்றால் பின்புறமாகவே தோண்டி மண்ணுள் இறங்கி, அடுத்த மழைவரை காத்திருக்கும். 1853ஆம் ஆண்டில் ஜெர்டன் என்பவர் விவரித்த பருத்த தவளையும் கோடையில் மண்ணுள் மறைவதே. அதன் வாற்பேத்தைகள் ஊனுண்பவை. பிற தவளைகளின் வாற்பேத்தைகளையும் விட்டுவைப்பதில்லை. தேங்கிய நீர் வற்றுமுன் வளர்ந்துவிட வேண்டுமல்லவா?

நம் வீட்டுச் சுவரிலும் குளியலறையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தவளையின் வழி வேறு. அது நீருக்கு மேலே நுரையால் கூடு கட்டி அதிலே முட்டையிடுகிறது. குஞ்சுகள் பொரித்தபின் கீழேயுள்ள நீரில் விழுகின்றன.

மருத்துவத்துக்கு உதவிய தவளை

நீர்வாழ் தவளைகளுள் உலகப் புகழ் பெற்றது ஆபிரிக்காவின் நகத்தவளை. அதற்கு நாக்கே இல்லை. 1930களில், கருவுற்ற பெண்ணின் சிறுநீரை இத்தவளையின் உடலில் ஏற்றினால் அது ஒரு நாளுக்குள் முட்டையிடும் என்று கண்டறிந்தனர். அதன்பின் பல ஆண்டுகள் உலகெங்கும் மருத்துவமனைகளில் கருப்பச் சோதனைக்கு இத்தவளையே பயன்பட்டது. முதிர்ந்த கலமொன்றின் கருவைக்கொண்டு புதிய உயிரை உருவாக்கலாம் என்பதை ஜோன் கேர்டன் 1962ஆம் ஆண்டில் காட்டியதும் இத்தவளையிலேதான். அதற்காக 2012ஆம் ஆண்டில் அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1987ஆம் ஆண்டில் இதன் தோலிலிருந்து கிருமிகளைக் கொல்லும் பொருள்களும் கண்டெடுக்கப்பட்டன. கலங்கிய குட்டையில் வாழும் தவளையின் காயம் சீழ்ப்பிடிக்காமல் ஆறுவது ஏன் என்ற கேள்வியே அதற்கு வழிகாட்டிற்று.

தோலால் வந்த ஆபத்து

நன்மை செய்யும் தோலே தவளைக்கு ஆபத்தாகவும் முடிகிறது. நீரையும் வாயுவையும் உள்ளே விடும் தோல், நீரிற் கலந்த நஞ்சையும் தடுப்பதில்லை. வயல்களில் பயன்பட்ட குளோர்பைரிபொஸ், டைமெதோயேற், கிளைபோசேற், புரோபனில் ஆகிய நான்கு இரசாயனங்களையும் இலங்கை மரத்தவளை ஒன்றின் வாற்பேத்தைகளில் நம் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்தனர். பல மடிந்தன, தப்பியவற்றுள் பல முதுகெலும்பு வளைந்தும் உடல் வீங்கியும் உருக்கெட்டன. 2010ஆம் ஆண்டில் இம்முடிவுகள் வெளிவந்தன.

மனிதனின் நாவும் தவளையை விடவில்லை. மேனாட்டு உணவு மேசைகளுக்காக இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கான தொன் தவளைக் கால்கள் ஏற்றுமதியாயின. வயல்களில் தவளை குறைந்து பூச்சி பெருகுகிறதென்ற முறையீடு எழுந்தது. 1985ஆம் ஆண்டில் நம் பச்சைத் தவளை உட்பட இரு இனங்கள் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிற் சேர்ந்தன. 1987இல் இந்தியா அவ்வேற்றுமதியைத் தடை செய்தது. கால்களை விற்றுப் பெற்ற பணத்தைக் கிருமிநாசினி வாங்கச் செலவிடுவது எவ்வகை இலாபம்?

2023ஆம் ஆண்டு உலகக் கணிப்பின்படி, ஈரூடக வாழிகளுள் நூற்றுக்கு 41 பங்கு இனங்கள் அழிவை எதிர்நோக்குகின்றன. இலங்கையின் மலைக்காட்டுத் தவளைகள் பல ஏற்கெனவே மறைந்துவிட்டன. வன்னியின் குளத்துத் தவளைகள் அந்நிலைக்கு வரவில்லை. இன்றும் மிகுதியாகவே உள்ளன. மிகுதியாக இருக்கும்போது காப்பது எளிது என்பதை நாம் மறத்தலாகாது.

சென்ற மாரியில், ஓமந்தைக்கு அருகே ஒரு குளக்கட்டில் நாம் நின்றோம். துருசைப் பார்க்க வந்த வயோதிபக் கமக்காரர் ஒருவரிடம், "ஐயா, இந்தச் சத்தத்திலே எப்படித் தூங்குகிறீர்கள்?" என்று கேட்டோம். அவர் சிரித்தார்.

"சத்தம் இருந்தாத்தான் தம்பி நித்திரை வரும். மருந்தடிச்சு ரெண்டு மூண்டு நாளைக்கு எங்கட வயல் ஊமையாப் போயிடும். அப்பதான் எனக்கு நித்திரை வாறேல்லை" என்றார்.

மாணவர்களே! அடுத்த மாரியில் பெரியோருடன் உங்களூர்க் குளக்கரைக்குச் செல்லுங்கள். ஒரு கைவிளக்கும் குறிப்புப் புத்தகமும் போதும். எத்தனை வகைக் குரல்கள் கேட்கின்றன என்று எண்ணி எழுதுங்கள். தவளையைப் பிடிக்க வேண்டாம். நம் கையிலுள்ள உப்பும் சவர்க்காரமும்கூட அதன் தோலுக்குத் தீங்கு. அடுத்த ஆண்டும் அதே நாளில் சென்று, பழைய குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். குரல்கள் குறைந்திருந்தால், குளத்தில் ஏதோ குறை நேர்ந்திருக்கிறதென்று வீட்டில் சொல்லுங்கள். அந்தக் குளத்து நீரால் விளையும் சோற்றையே நாமும் உண்கிறோம்.