டூலா பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்

உயர்தரம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் நிலாவெளிப் பெண் ஒருவர் அண்மையில் கேட்டார்: "அக்கா, ஒன்லைனில டூலா கோர்ஸ் ஒன்று இருக்கு. படிச்சா இங்க வேலை செய்ய ஏலுமா?"

டூலா மருத்துவிச்சி அல்ல. வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பிறந்து முதல் பால் குடிக்கும்வரை தாயின் பக்கத்திலேயே இருக்கும் பெண். முதுகு தடவிவிடுவார், தண்ணீர் பருக்குவார், எழுந்து நடக்கத் தோள் கொடுப்பார், வைத்தியர் சொன்னதை விளங்கப்படுத்துவார். பிரஷர் பார்ப்பதும் உள் பரிசோதனை செய்வதும் தொப்புள்கொடி வெட்டுவதும் அவருடைய வேலையல்ல. பணிப்பெண் என்று பொருள்படும் இந்தக் கிரேக்கச் சொல்லை 1970களில் அமெரிக்க மானிடவியலாளர் டானா ரபேல் இந்த அர்த்தத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நமக்கு அப்படியொரு பெயர் தேவைப்பட்டதில்லை. அம்மா, பெரியம்மா, மாமி, பக்கத்து வீட்டு ஆச்சி என்று யாராவது இருந்தார்கள்.

இப்போது பல வீடுகளில் அவர்கள் இல்லை. 1990 இடப்பெயர்வு, பிந்திய யுத்த வருடங்கள், 2004 சுனாமி எல்லாம் இந்தக் கரையோரக் குடும்பங்களைச் சிதறடித்தன. ஒருவருடைய தாய் இறந்துவிட்டார், இன்னொருவருடைய அக்கா கனடாவில், வேறொருவரின் மாமி மத்திய கிழக்கில் வேலைக்கு. சரக்குக்கறி வைத்துக்கொடுக்கவே ஆளில்லாத வீடுகள் உண்டு. சோதனைச்சாவடிகளையும் முகாம்களையும் கடந்துவந்த பெண்ணுக்கு, அறிமுகமில்லாத கைகள், தனக்கு விளங்காத மொழியில் வரும் கட்டளை, மூடிய கதவு எல்லாம் சேர்ந்து பழைய பயத்தைக் கிளப்பிவிடலாம். தேவை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது.

பலன் இருக்கிறதா என்பதற்கும் பதில் உண்டு. 1980இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு குவாத்தமாலாவில், உறவினருக்கு அனுமதியில்லாத நெரிசலான வைத்தியசாலை ஒன்றில் நடந்தது. முன்பின் தெரியாத, பயிற்சியும் இல்லாத சாதாரணப் பெண்களே துணைக்கு இருந்தார்கள். சிக்கலில்லாமல் பெற்றவர்களில், துணை இருந்தவர்களின் பிரசவ நேரம் மற்றவர்களுடையதில் பாதிக்கும் குறைவாக இருந்தது. பிறகு வந்த பெரிய ஆய்வுகள் அவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை. 17 நாடுகளில் 15,000க்கு மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 26 ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வில், பிரசவ நேரம் சராசரியாக முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகவே சுருங்கியது. ஆனால் சிசேரியன் குறைந்தது, பிரசவ அனுபவத்தைக் கசப்பாகச் சொன்னவர்களும் குறைந்தார்கள். தான் விரும்பும் ஒரு துணை எல்லாப் பெண்களுக்கும் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது.

அப்படியானால் தடை எங்கே? பிரசவ அறை வாசலில். இலங்கையில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் வைத்தியசாலையிலேயே பிறக்கின்றன. அது பெரிய சாதனை, தாய்மார் உயிர் பிழைப்பதற்கு முக்கிய காரணம். வீட்டுப் பிரசவத்துக்குத் திரும்புவோம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஆனால் உள்ளே யார் வரலாம் என்பதை வைத்தியசாலைதான் தீர்மானிக்கிறது. பெண் துணை ஒருவரை அனுமதிக்கலாம் என்பது சுகாதார அமைச்சின் நிலைப்பாடு. நடைமுறை விடுதிக்கு விடுதி வேறுபடுகிறது. கட்டில்களுக்கிடையில் திரைச்சீலை இல்லாத இடத்தில், மற்றத் தாய்மாரின் மறைவு என்னாவது என்று தாதியர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரச மருத்துவமனைகள் 2000களிலேயே பிரசவத் துணைத் திட்டத்தைத் தொடங்கின. துணைக்கு வந்தவர் உறவுக்காரப் பெண், சம்பளக்காரர் அல்ல.

சம்பளம்தான் அடுத்த சிக்கல். லண்டனிலும் டொரொன்டோவிலும் டூலாவுக்குக் குடும்பம் கட்டணம் கொடுக்கிறது. இங்கே துணை அதிகம் தேவைப்படுகிறவர் தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் பெண். அவரிடம் எவ்வளவு கேட்பது? வெளிநாட்டுப் பயிற்சிநெறிகளுக்கோ சில நூறு டொலர் வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்டி இலங்கையில் பதிவு பெற வழியில்லை. மருத்துவ மாதுக்கள் இலங்கை மருத்துவ சபையில் பதிவாகிறார்கள், டூலாவுக்கு அப்படியொரு பிரிவு கிடையாது. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

நேரத்தையும் யோசிக்க வேண்டும். 38ஆவது வாரத்திலிருந்து எந்த இரவிலும் அழைப்பு வரலாம். நிலாவெளியிலிருந்து திருகோணமலை வைத்தியசாலைக்குச் சுமார் 15 கிலோமீற்றர். பஸ் ஓடாத நேரத்தில் ஓட்டோக் கூலி யார் தருவது, வீட்டில் உங்கள் பிள்ளையை யார் பார்ப்பது? இறந்து பிறந்த குழந்தையோடு இருக்கும் தாயின் பக்கத்திலும் இருக்க வேண்டிவரும். சொந்த இழப்பை இன்னும் ஆற்றிக்கொள்ளாதவருக்கு அது கடினமான இடம்.

மாதச் சம்பளம் தேவை என்றால், குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சியே சரியான வழி என்பது என் கருத்து. ஒன்றரை வருடப் பயிற்சி, அரச நியமனம், சட்டப்படியான பொறுப்பு. தமிழ் பேசும் உத்தியோகத்தர்கள் நமக்கு வேண்டும். வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும்போது உயர்தரப் பாடத் தகைமைகளைக் கவனமாக வாசியுங்கள்.

வேறு வருமானம் இருந்து, மனமும் இருந்தால், துணை நிற்பதை டொலர் கொடுத்துத் தொடங்கவேண்டியதில்லை. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம், துணைக்கு ஆளில்லாத கர்ப்பிணிகள் யார், அவர்களுக்கு உங்கள் உதவி விருப்பமா என்று கேட்டறியச் சொல்லுங்கள். விரும்புகிறவரோடு கிளினிக்குக்குப் போய்வாருங்கள். பிள்ளை பிறந்த பிறகான 40 நாட்களில் வீட்டுக்குப் போய் ஒரு நேரச் சமையல், ஒரு மணித்தியாலத் தூக்கம் கொடுங்கள். அதற்கு எந்த வாசலிலும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. பிரசவ அறைக்குள் போக விரும்பினால், மகப்பேற்று விடுதிப் பொறுப்புத் தாதியிடம் மூன்று விடயங்களை முதலில் கேளுங்கள்: பெண் துணைக்கு அனுமதி உண்டா, அவர் உறவினராகத்தான் இருக்க வேண்டுமா, இரவிலும் நிற்கலாமா.