விளக்கணைத்த பின் இறங்கும் பூச்சி

பொலிவியாவிலும் வட அர்ஜென்டினாவிலும் மண்சுவர் வீடுகளில், விளக்கணைத்த பிறகு ஒரு பூச்சி இறங்கிவரும். ஊரார் அதை 'வின்சூக்கா' என்பார்கள். மூட்டைப்பூச்சிக்குத் தூரத்து உறவுதான் என்றாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம் வளரும். பகலில் சுவர் வெடிப்பிலும் கூரையிலும் பதுங்கியிருந்து, இரவில் தூங்குகிறவர் முகத்தில் இரத்தம் குடிக்கும். கடித்தால் வலிக்காது. குடித்த இடத்தருகே எச்சமிட்டுப் போகும். கிருமி இருப்பது அந்த எச்சத்தில். தூக்கத்தில் சொறியும்போதோ கண்ணைக் கசக்கும்போதோ அது உடம்புக்குள் போய்விடுகிறது.

1909-இல் பிரேசிலின் லாசான்சே என்ற சிற்றூரில் இந்தக் கிருமியையும் அது தரும் நோயையும் கண்டறிந்தவர் கார்லோஸ் சாகஸ் என்ற மருத்துவர். நோய்க்கும் அவர் பெயரே நிலைத்தது.

சத்தமில்லாத ஆண்டுகள்

முதலில் லேசான காய்ச்சல் வரலாம், ஒரு கண்ணிமை வீங்கலாம், பலருக்கு எதுவுமே தெரியாது. பிறகு பத்து, இருபது ஆண்டுகள் நோய் மறைந்தே கிடக்கும். கடைசியில் தொற்றியவர்களில் மூன்றில் ஒருவர் வரை இதயம் பழுதாகி அவதிப்படுகிறார்கள். தடுப்பூசி இல்லை. இருக்கும் மருந்துகள் தொடக்கத்தில் கொடுத்தால்தான் நன்றாகக் கேட்கும். அதனால் பூச்சியை வீட்டிலேயே பிடித்தாக வேண்டும்.

மருந்தடித்த பிறகு

1991-இல் தென் அமெரிக்காவின் தென்கோடி நாடுகள் சேர்ந்து வீடு வீடாகப் பூச்சிமருந்து அடிக்கத் தொடங்கின. உருகுவே 1997-இலும், சிலி 1999-இலும், பிரேசில் 2006-இலும் வின்சூக்கா வழியாக நோய் பரவுவதை நிறுத்தின. பெரிய சாதனைதான். ஆனால் மருந்துக்குத் தப்பிய முட்டைகள் பொரிக்கும். கோழிக்கூடு, ஆட்டுப்பட்டி, விறகுக் குவியலிலிருந்து பூச்சி மறுபடி வீட்டுக்குள் வரும்.

எண்ணிக்கை குறைந்த இந்தக் கட்டம்தான் சிக்கலானது. சுகாதாரப் பணியாளர் பகலில் டார்ச்சோடு வந்து அரைமணி நேரம் தேடுவார், ஒன்றும் அகப்படாது, போய்விடுவார். தினமும் படுக்கையை உதறுகிற பெண்ணின் கண்ணுக்கு அது தப்பாது. பூச்சி குறைவாக உள்ள ஊர்களில், பணியாளர் தேடிப் பிடிப்பதைவிட வீட்டார் கொண்டுவந்து கொடுப்பதில்தான் அதிகம் தெரியவந்திருக்கிறது.

ஒரு காகிதமும் ஒரு டப்பாவும்

கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு வெள்ளைத்தாளைக் குத்திவைத்தால் போதும். பூச்சி நடமாடினால் எச்சம் கோடாக வழிந்து காட்டிக்கொடுக்கும். பூச்சி கண்ணில் பட்டால் நசுக்கக் கூடாது, வெறுங்கையால் தொடவும் கூடாது. கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பிடித்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு, எந்த அறை, எந்தச் சுவர் என்று எழுதிவைக்க வேண்டும். பிரேசில் கிராமங்களில் பள்ளிக்கூடம், சுகாதார நிலையம் போன்ற இடங்களிலேயே இந்த டப்பாக்களைப் பெற்றுக்கொள்கிறார்கள். பிள்ளைகளே டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவதும் உண்டு.

இதற்கு ஆகும் செலவு அற்பம். பதில் சொல்வதில்தான் அரசுகள் தவறுகின்றன. பூச்சியைக் கொடுத்த வீட்டுக்கு ஆள் போக வேண்டும், சோதித்துப் பார்த்ததைச் சொல்ல வேண்டும், மருந்தடிக்க வேண்டும். இரண்டு முறை கொடுத்தும் ஒருவரும் எட்டிப்பார்க்காவிட்டால் மூன்றாம் முறை யார் கொண்டுவருவார்கள்? டப்பாக்கள் வருவது நின்றுபோகும். அதைப் பார்த்து, அந்த ஊரில் பூச்சியே இல்லை என்று யாராவது பதிவேட்டில் எழுதிவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.