சங்கத்துப் பழைய வண்டியும் துருவும்

தறி ஒன்று நின்றுவிட்டால் ஒரு வீட்டின் வருவாய் நிற்கும். சங்கத்து வண்டி நின்றுவிட்டாலோ பல வீடுகளின் வருவாய் ஒருங்கே தடைப்படும். இதனை நாங்கள் ஏட்டில் படித்து அறியவில்லை, அனுபவத்தில் அறிந்தோம். எங்கள் அனுபவம் பிற சங்கத்து அன்பர்களுக்கும் பயன்படலாம் என்னும் எண்ணத்தாலேயே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

சத்தியமங்கலத்திலிருந்து தாளவாடிக்குச் செல்லும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மேலே முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் பயிரிடும் விவசாயிகள். கீழே பவானி வட்டாரத்தில் ஜமக்காளம் நெய்யும் நெசவாளர்கள். இவ்விரு திறத்தாருக்கும் பொதுவாக எங்களிடம் ஒரு பழைய பிக்அப் வண்டி உள்ளது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் தன்மையுடையது. மழைக்காலத்தில் தோட்டத்துச் சேற்றுப் பாதைகளில் வேறு வண்டி புக முடியாத இடத்திற்கும் அது போய் வரும். மேலேறும்போது உரம், இறங்கும்போது காய்கறி, அடிவாரத்தில் நூல் சிப்பம் என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது உழைத்துள்ளது.

கறை காட்டிய உண்மை

ஐப்பசி மாதத்து அடைமழையின்போது, வெள்ளை நூல் சிப்பங்கள் சில பழுப்புக் கறையுடன் நெசவாளர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. மழைநீர் பட்ட கறை என்று கருதி, சிலர் அந்நூலைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் இட்டனர். கறை முன்னிலும் அழுத்தமாகப் பதிந்தது. அது துருக்கறை என்பது பின்னரே விளங்கிற்று. துருக்கறைக்குப் பிளீச்சிங் பவுடர் பகையன்று, துணையே ஆகும். ஆக்ஸாலிக் அமிலத்தை மிகவும் நீர்த்த கரைசலாக்கி நனைத்துப் பின் நன்றாக அலசினால் அக்கறை நீங்கும். ஆனால் அது நஞ்சு. கையுறையின்றித் தொடலாகாது, சமையல் பாத்திரத்தில் கரைக்கலாகாது.

கெட்ட நூலுக்கு யார் பொறுப்பு என்று நெசவாளர்களும் விவசாயிகளும் வாதாடிக்கொண்டிருந்த சமயத்தில், வளைவுகளில் வண்டி இடப்பக்கம் சாய்கிறது என்று டிரைவர் வந்து சொன்னார். பட்டறை மேஸ்திரி வண்டியை ஜாக்கியில் ஏற்றி, அடியில் மரக்கட்டைகளும் ஸ்டாண்டுகளும் கொடுத்து, ஒரு திருப்புளியுடன் கீழே புகுந்தார். பின்புறப் பட்டை ஸ்பிரிங் சேஸிஸுடன் சேரும் இடத்தில் அத்திருப்புளி காகிதத்தில் இறங்குவதுபோல் இறங்கிற்று. "பாருங்க தலைவரே, இது இரும்பில்லைங்க, அப்பளம்!" என்றார் அவர். அந்நிலையில் அவ்வண்டி ஆட்களையும் ஏற்றிக்கொண்டு 27 வளைவுகளையும் எத்தனை முறை இறங்கியிருக்கும் என்று நினைத்தபோது எங்களுக்கு உடல் நடுங்கிற்று.

நிர்வாகக் குழுவில் இரு கருத்துகள் எழுந்தன. பழைய இரும்புக்கு விற்றுவிடலாம் என்றனர் சிலர். எஞ்சினும் கியர் பெட்டியும் நன்றாயிருக்கையில் விற்பது வீண் என்றனர் வேறு சிலர். சேஸிஸ் முழுவதையும் சோதித்து, பழுது ஓரிடத்தில் மட்டுமே ஆழமானது என்று தெரிந்தால் செப்பனிடுவது. பல இடங்களில் பரவியிருந்தால் விற்பது என முடிவாயிற்று. இம்முறையே சரியான முறை என்று இப்போது உறுதியாகச் சொல்லுவோம். வர்ணத்தையும் இருக்கைகளையும் பார்த்துப் பழைய வண்டியை மதிப்பிடலாகாது. சேஸிஸைப் பார்த்தே மதிப்பிட வேண்டும்.

துரு எங்ஙனம் பிறக்கிறது?

இரும்பும் நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் கூடினால் துரு உண்டாகும். உப்பு சேர்ந்தால் அது விரைந்து பரவும். எங்கள் வண்டி கடற்கரையைக் கண்டதில்லை. பின் உப்பு எங்கிருந்து வந்தது? நாங்களே ஏற்றினோம். பொட்டாஷ் உரம் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஓர் உப்பே. அம்மோனியம் சல்பேட்டு ஈரம் பட்டால் அமிலத்தன்மை காட்டும். யூரியா காற்றின் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். மூட்டையிலிருந்து சிந்திய உரம் தொட்டியின் இடுக்குகள் வழியே சேஸிஸ்மேல் விழுந்து, அங்குள்ள சேற்றில் கலந்து, வெயிலிலும் காயாத பற்றாக ஒட்டிக்கொண்டது. நூலைக் கெடுத்தது மழையுமன்று, நெசவாளருமன்று. உரத்தை இறக்கியபின் பெருக்காமலும் கழுவாமலும் விட்ட எங்கள் எல்லாருடைய அசட்டையே ஆகும்.

துரு தான் தின்ற இரும்பைப்போல் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இரு தகடுகள் சேரும் மடிப்பில் அது புகுந்தால், உள்ளிருந்தே தகடுகளைப் பிளந்துவிடும். அன்றியும், பெட்டிபோல் நாற்புறமும் மூடிய சேஸிஸ் உள்ளிருந்தே அழியும். வெளியே வர்ணம் பளபளக்கும். உள்ளே சுவர் மெலிந்திருக்கும். ஆகையால் சிறு சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். கெட்டது மந்தமாக ஒலிக்கும்.

வெட்டுதலும் ஒட்டுதலும்

செப்பனிடும் வேலைக்கு மாசி, பங்குனி மாதங்களையே தேர்ந்தோம். அப்போது காற்றில் ஈரம் குறைவு. முதலில் தொட்டியைக் கழற்றி, வேகநீரால் சேறு முழுவதையும் அகற்றி, இரண்டு நாள் உலர விட்டோம். வெல்டிங் தொடங்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றவேண்டும். டீசல் டாங்கியையும் குழாய்களையும் அகற்றி அப்பால் வைக்கவேண்டும். இவ்விரண்டிலும் சிக்கனம் கூடாது.

துருப்பிடித்த இடத்தின்மேல் தகட்டை வைத்து ஒட்டிவிடுவது பல பட்டறைகளில் நடக்கும் வழக்கம். அது புண்ணைத் துணியால் மூடுவது போன்றது. உள்ளே துரு மேலும் வளரும். பளபளப்பான நல்ல இரும்பு தோன்றும்வரை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள புதுத் தகட்டைப் பொருத்த வேண்டும். சேஸிஸ்மீது வைக்கும் வலுத்தகட்டின் ஓரம் நேர்குறுக்காக அமையலாகாது. சாய்வாக வெட்டியிருக்க வேண்டும். குறுக்கே ஒரே கோடாக வெல்டிங் வைத்தால் பாரமெல்லாம் அக்கோட்டில் கூடி, அங்கேயே விரிசல் காணும். சேஸிஸ் வேலையைத் தேர்ந்த வெல்டரிடமே ஒப்படைக்க வேண்டும். தொட்டியின் தகட்டு வேலையை எங்கள் அங்கத்தினர்களே செய்தனர். கூலியில் கணிசமான பகுதி இதனால் மிச்சமாயிற்று.

கடுக்காய் கற்பித்த பாடம்

பெரிய பரப்புகளை மணல் வீச்சால் பளபளப்பாக்கினோம். மணல் வீச்சு எட்டாத மூலைகளைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்தபின், துருமாற்றித் திரவம் பூசினோம். பழுப்பு நிறத் துரு சிறிது நேரத்தில் கருநீலமாகிப் பின் கறுத்தது. அருகில் நின்ற முதிய சாயக்காரர் ஒருவர் இதைக் கண்டு வியப்படையவில்லை. "இது எங்கள் கறுப்புத்தானே!" என்றார். உண்மையே. கலம்காரித் துணியில் கறுப்பு வரைவதற்குத் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் நனைத்து, இரும்புத் துண்டுகளை வெல்லத்துடன் ஊறவைத்த நீரால் எழுதுவர். கடுக்காயின் துவர்ப்புச் சத்தான டானினும் இரும்பும் சேர்ந்து நீரில் கரையாத கறுப்பைத் தருகின்றன. துருமாற்றித் திரவங்கள் பலவற்றில் இருப்பதும் அந்த டானினே. நம் சாயப் பானையில் நிகழ்ந்த வேலையே இன்று வண்டிப் பட்டறையிலும் நிகழ்கிறது. ஆனால் கடுக்காய்க் கஷாயத்தைப் பூசினாலே போதும் என்று எவரும் எண்ணலாகாது. கடையில் விற்கும் திரவத்தில் படலமாக உலரும் பசைப்பொருளும் கலந்திருக்கும். அதுவும் மெல்லிய, ஒட்டிய துருவுக்கே மருந்தாகும். அடுக்கடுக்காக உதிரும் துருவுக்கு அன்று.

பூச்சின் முறை

பளபளப்பாக்கிய இரும்பு காற்றின் ஈரத்தில் மீண்டும் துருப்பிடிக்கத் தொடங்கும். ஆகையால் அன்றைய பொழுதிற்குள் முதற் பூச்சைப் பூசிவிட வேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்திற்கு மேற்பட்டாலோ, பனிநீர் படியும் வெப்பநிலையைவிட இரும்பு 3 டிகிரியாவது சூடாக இல்லாவிட்டாலோ பூசலாகாது என்பது பொது விதி. கருவியில்லாதவர் காலைப் பனி முற்றும் விலகி, தகடு வெயிலில் காய்ந்தபின் தொடங்கினால் பெரும்பாலும் பிழை நேராது.

பளபளப்பான இரும்பின்மேல் துத்தநாகம் மிகுந்த பிரைமரைப் பூசினோம். இரும்பும் துத்தநாகமும் தொட்டிருந்தால், ஈரம் வந்து தாக்கும்போது துத்தநாகம் முதலில் அழிந்து இரும்பைக் காக்கும். ஆனால் அது சுத்தமான இரும்பை நேரே தொட வேண்டும். துருமாற்றி பூசிய இடத்தில் பயன் தராது. அம்மூலைகளில், டப்பாவில் எழுதிய குறிப்பைப் படித்தறிந்து, எப்பாக்ஸி பிரைமர் மட்டும் இட்டோம். பின்னர் அனைத்தின்மேலும் எப்பாக்ஸியும் மேல் வர்ணமும் பூசினோம். நமக்குப் பழக்கமான ரெட் ஆக்ஸைடு மட்டும் பூசி நிறுத்திவிட்டால், அது ஈரத்தை நெடுநாள் தடுக்காது. முற்காலத்தில் சிறப்புற்றிருந்த ஈயச் செந்தூரமோ உடலுக்கு நஞ்சு. அதைத் தேடிப் போகவேண்டாம்.

பெட்டி சேஸிஸின் உட்புறத்திற்கு வர்ணம் எட்டாது. ஆங்கு நீண்ட குழாய் முனையால் மெழுகுத் திரவம் தெளித்தோம். கம்பளி ஆட்டு ரோமத்தில் இயற்கையாக உள்ள லானோலின் என்னும் கொழுப்பும் இதற்கு ஏற்றது. தெளித்தபின் நீர் வடியும் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும். அவை அடைபட்டால் சேஸிஸ் நீர்த்தொட்டியாகிவிடும். கழிவு எஞ்சின் ஆயிலைப் பூசும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும். பிரேக்கில் பட்டால் ஆபத்து. வயலில் சொட்டினால் மண்ணைக் கெடுக்கும். துருவின்மேல் தார்ப்பூச்சு இடுவதோ துருவுக்கு வீடு கட்டிக் கொடுப்பதேயாகும்.

நான்கு சக்கர இழுவை

பம்பாயில் மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தத் தொடங்கியதிலிருந்து இவ்வகை வண்டிகள் நம் நாட்டுக் கிராமங்களுக்குப் பழக்கமானவை. எனினும் அவற்றின் முன் இழுவையைப் பயன்படுத்தும் முறையைப் பலர் அறியார். வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடுகின்றன. சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி அவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். உலர்ந்த தார்ச்சாலையில் அங்ஙனம் இயலாது. பல்சக்கரங்கள் முறுக்கேறி உடையும். ஆகையால் எங்களுடையது போன்ற பழைய வண்டிகளில், வழுக்கும் தரையில் மட்டுமே முன் இழுவையைப் போடவேண்டும். அதற்காக மாதக்கணக்கில் போடாமலும் இருத்தல் கூடாது. மாதம் ஒருமுறை மண்பாதையில் சிறிது தூரம் போட்டு ஓட்டினால் உறுப்புகளுக்கு ஆயில் எட்டும். நான்கு டயர்களும் ஒரே அளவாயிருக்க வேண்டும்.

ஓடிச் சூடேறிய அச்சுப்பெட்டி குளிர்ந்த ஓடையில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, நீரை உள்ளிழுக்கும். எங்கள் வண்டியில் வடித்த கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தது. நீர் கலந்ததன் அடையாளம் அது. ஆயிலை மாற்றி, மூச்சுத் துளைக்கு ஒரு ரப்பர் குழாய் இணைத்து மேலே உயர்த்திக் கட்டினோம். சிறு செலவு, பெரும் நன்மை.

இனிச் செய்ய வேண்டுவது

இன்று வண்டி மீண்டும் ஓடுகிறது. நூலுக்கெனத் தொட்டியில் மரச்சட்டங்கள் அடித்து, அவற்றின்மேல் சிப்பங்களை வைத்துத் தார்ப்பாயால் மூடுகிறோம். ரப்பர் விரிப்பை நீக்கிவிட்டோம். அதன் கீழ் ஈரம் தங்கும். உரம் இறக்கியவுடன் முதலில் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கி, பிறகே கழுவ வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு மழைக்காலத்திற்கு முன்னும் சேஸிஸைத் தட்டிப் பார்த்து, உதிர்ந்த இடத்தில் மெழுகு தெளிக்க வேண்டும் என்பது மற்றொரு விதி. கழுவியவர் கையொப்பமிட ஒரு நோட்டுப் புத்தகம் வண்டியிலேயே இருக்கிறது. முதல் பக்கத்தில் முதற் கையொப்பம் தலைவருடையது. இரண்டாவது, நூல் கெட்டுப் போனதென்று முதலில் புகார் சொன்ன நெசவாளருடையது.

எல்லாருக்கும் உரிய பொருளை யாரும் பேணாமல் விடுவது கூட்டுறவுக்குப் பிடிக்கும் துரு. அதுவும் உள்ளிருந்தே அரிப்பது; வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். எங்களுக்குக் காலம் கடந்துவிடவில்லை என்பது நற்பேறே. பிற சங்கத்து அன்பர்கள் நற்பேற்றை நம்பியிராமல், இந்த வாரமே ஒரு சுத்தியலையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு தங்கள் வண்டியின் அடியில் புகுந்து பார்க்குமாறு வேண்டுகிறோம்.