மண் சுமக்கும் பிரம்மபுத்திரா

திபெத்தில் 1,600 கி.மீ.க்கு மேல் கிழக்கே ஓடும் யார்லுங் சாங்போ, நாம்சா பர்வா மலையைச் சுற்றித் தெற்கே திரும்பியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அருணாச்சலத்தில் அதன் பெயர் சியாங். பாசிகாட்டில் மலை முடிகிறது. சற்றுக் கீழே திபாங்கும் லோகித்தும் வந்து சேர, பிரம்மபுத்திராவாக அசாமுக்குள் நுழைகிறது.

மலைச் சரிவின் வேகத்தில் உருட்டி வந்த மணலையும் வண்டலையும் சமவெளியில் அதற்கு மேல் இழுத்துப்போக முடிவதில்லை. ஆற்றின் நடுவிலேயே இறக்கிவிடுகிறது. இறக்கிய மேடு வழியை மறிக்க, இரண்டாகப் பிரிகிறது. அடுத்த மேட்டில் மறுபடி பிரிகிறது. வானிலிருந்து பார்த்தால் பல புரியாகப் பின்னிய சடை. சில இடங்களில் அகலம் 10 கி.மீ.க்கும் மேல். குவாஹாத்தி அருகே மட்டும் இருபுறமும் பாறைக் குன்றுகள் நெருக்க, ஏறத்தாழ ஒன்றேகால் கி.மீ.க்கு ஒடுங்குகிறது. அசாமில் இந்நதியின் முதல் பாலமான சராய்காட் பாலம் 1962இல் அங்கே எழுந்ததில் வியப்பில்லை. இடம் மாறாத கரை இங்கே அபூர்வம்.

1950 ஆகஸ்ட் 15. நாடு சுதந்திர நாள் கொண்டாடிய அந்த இரவில், 8.6 அளவு நிலநடுக்கம் வடகிழக்கு மலைகளை உலுக்கியது. மலைச்சரிவுகள் பெயர்ந்து ஆறுகளில் விழுந்தன. சுபன்சிரி ஆறு அடைபட்டு, சில நாள்களில் அடைப்பை உடைத்துக்கொண்டு பாய்ந்து ஊர்களை அழித்தது. அந்தப் பேரழிவு அன்றோடு முடியவில்லை. சரிந்த மண் ஆண்டுக்கணக்கில் இறங்கி வந்துகொண்டே இருந்தது. திப்ரூகர் அருகே ஆற்றுப் படுகை உயர்ந்தது. உயர்ந்த ஆறு கரையைத் தின்னத் தொடங்கி, பழைய நகரின் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது.

அசாம்காரர்களுக்கு வெள்ளம் புதிதல்ல. மாஜுலித் தீவின் மிசிங் மக்கள் கால்நட்டு உயர்த்திய சாங் கர் வீடுகளில் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். தண்ணீர் வரும், வடியும், வண்டலை விட்டுப்போகும்; அதில் பயிர் வைப்பார்கள். கரை அரிப்பு அப்படியல்ல. வீட்டையும் வயலையும் அடிமண்ணோடு எடுத்துப்போகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 1,200 ச.கி.மீ.க்கு மேல் இருந்த மாஜுலி, இன்று அதில் பாதிகூட இல்லை. வைணவ அருளாளர் சங்கரதேவரின் மரபில் வந்த சத்திரங்கள் எனும் மடங்கள் சில, தீவை விட்டே இடம்பெயர்ந்தன. 1950க்குப் பிறகு அசாம் இழந்த நிலம் 4.27 லட்சம் ஹெக்டேர் என்கிறது மாநில அரசு. மாநிலப் பரப்பில் சுமார் 5.4 சதவீதம்.

இதற்கு மருந்தாக ஆற்றோரம் நெடுக மண்கரை போட்டார்கள். கரை தண்ணீரைத் தடுக்கும், உடையாதவரை. ஆனால் வயலுக்குப் போயிருக்க வேண்டிய வண்டல் ஆற்றுக்குள்ளேயே தங்குகிறது. ஆறோ கரையின் அடிவாரத்தை அரிக்கிறது. மண்ணைக் கணக்கில் சேர்க்காத எந்தத் திட்டமும் பிரம்மபுத்திராவிடம் தோற்கும் என்றே நான் நினைக்கிறேன்.

வங்கதேசத்தில் நதி தன் தடத்தையே மாற்றிக்கொண்டது. 1787 வெள்ளத்தில் டீஸ்தா திசை மாறி இதனோடு கலந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் பிரம்மபுத்திராவும் மேற்கே நகர்ந்து ஜமுனா ஆயிற்று. மைமன்சிங் நகரோரம் இன்றும் ஓடும் அந்தப் பழைய தடத்துக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)